முப்பத்தெட்டிலேயே நின்ற போர்டு

பெரிய எல்.இ.டி. எண்களைச் சின்ன மைக்ரோகன்ட்ரோலரை வைத்து எரியவிடுவது எப்படி என்று எழுதித் தரும்படி எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரைக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களின் குழு அது. 'சாருக்கு முப்பது வருஷ அனுபவம், சார்தான் எழுதணும்' என்று ஐஸ் வைக்கிறார்கள். நானும் இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். எந்தச் சில்லு, எத்தனை வோல்ட், எத்தனை ஓம் ரெசிஸ்டர் என்று ஆரம்பித்து அரைப் பக்கம் தாண்டுவதற்குள் கை நின்றுவிடுகிறது. போன கார்த்திகை மாதம் நடந்ததைச் சொல்லாமல் சர்க்யூட்டை மட்டும் சொல்லிக்கொடுப்பது அயோக்கியத்தனம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் பெயர் கலியபெருமாள். சொந்த ஊர் சுரக்குடி. நெல் விவசாயக் குடும்பம். என்னை வயலில் இறக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. எனக்கோ ரேடியோவைப் பிரித்துப் போடத்தான் ஆசை; திரும்பப் பூட்ட வராது என்பது வேறு விஷயம். ஐ.டி.ஐ. முடித்தேன், ஒரு ரேடியோக் கடையில் பத்து மாதம் எடுபிடி வேலை பார்த்தேன், அப்புறம் இந்தப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் எலெக்ட்ரிகல் பிரிவில் சேர்ந்தேன். படித்த கதை அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் அந்த ஆலையிலேயே போய்விட்டது.

நூற்பாலைக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் ஃபிரேம் மெஷின்கள் ஓடும் ஹாலில் காது என்ற உறுப்பால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் உங்கள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். ஒரு ஃபிரேமில் நூல் சுற்றி முடிந்ததும் அதிலுள்ள குழல்களை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் குழல்களை மாட்ட வேண்டும். அதற்கென்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு குழு உண்டு. எந்த ஃபிரேமுக்குப் போக வேண்டும் என்று அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. ஹாலின் இரு முனைகளிலும் போர்டில் முழ உயர எண் எரியும். பதினான்கு எரிந்தால் பதினான்காம் ஃபிரேம். அந்தப் பெண்கள் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். போர்டில் எண் மாறினால் மட்டும் மொத்தக் குழுவும் திரும்பும்.

அந்த போர்டுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. எனக்கு மேலே சூப்பர்வைசர் வைத்தியநாதன். அவருக்குக் கோபம் வருகிறது என்பதை மரியாதையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணமாக 'கலியா, அந்த ஸ்பேனரை எடுப்பா' என்பார். கொஞ்சம் கோபம் என்றால் 'எடுங்க'. தலைக்கு ஏறிவிட்டால், 'ஐயா பெரிய இன்ஜினியருங்க, உங்களுக்கு ஃப்யூஸ் எல்லாம் எதுக்குங்க' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் 'ங்க' போட்டால் நாங்கள் செய்த வேலையை மறுபடி முதலிலிருந்து பார்ப்போம்.

வேலை வாங்குவதில் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. போர்டை மாட்டி, கரன்ட் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கம்பியின் மேலும் விரலை வைத்து எது எங்கே போகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவும் கடைசியிலிருந்து முதலுக்கு. முன்னாலிருந்து படித்தால் நாம் என்ன நினைத்தோமோ அதைத்தான் கண் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது என்பது அவர் கட்சி. அதன் பிறகு நாற்பது அடி தள்ளிப் போய் நின்று, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் படிக்க வேண்டும். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போர்டின் வலது கீழ் மூலையைப் பார்ப்பார். அங்கே ஒரு சின்னப் புள்ளி நொடிக்கு ஒரு தடவை கண்ணடித்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே எண்ணும் சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சர்க்யூட் நின்றால் புள்ளியும் நின்றுவிடும்.

"எரியுற வெளக்கு எதையும் நிரூபிக்காதுப்பா. அணைஞ்சு எரியுதா பாரு" என்பார்.

ஆலையில் எல்லோருக்கும் அந்தப் புள்ளி தெரியும். அது நின்றுவிட்டால் முதலில் கண்டுபிடிப்பது நாங்கள் அல்ல, வேதவல்லி அக்காதான். குழல் மாற்றும் குழுவுக்கு அவர்தான் தலைவி. அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். எங்கள் அறை வாசலில் வந்து நின்று, கையை உயர்த்தி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடி, அப்புறம் மூடியபடியே வைத்துக்கொள்வார். புள்ளி செத்துவிட்டது என்று அர்த்தம். நான் எழுந்து ஓட வேண்டும். போகிற வழியில், 'சோறு தின்னுட்டுத் தூங்கிட்டியாடா தம்பி' என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பார். ஹாலுக்குள் இருபது வருஷம் இருந்தவர்கள் வெளியே வந்தாலும் அப்படித்தான் பேசுவார்கள்.

ஆலையை விட்டு அவர் போகும்போது காது ஏறக்குறைய முழுசாகவே போய்விட்டது. ஆனால் அதைச் சொன்னால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். 'எனக்கு ஒண்ணும் இல்ல, இப்ப எல்லாரும் வாய்க்குள்ளயே முணுமுணுக்குறாங்க' என்பார். யாராவது ஏதாவது சொன்னால் உதட்டைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார். பாதி நேரம் அந்தத் தலையாட்டல் சரியாகவும் இருக்கும்.

நானும் ஓய்வு பெற்றேன். தருமபுரத்தில் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டேன். பிள்ளைகள் விளையாட்டாகப் பழகுகிற அந்தச் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கிப் பார்த்தபோது எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஆலையில் ஒரு பீரோ நிறைய இருந்த சர்க்யூட் செய்த வேலையைத் தீப்பெட்டி மாதிரி ஒன்று செய்கிறது! அறுபது வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை வெட்டி, அலுமினியப் பட்டைக்குள் ஒட்டி, ஏழு துண்டுகளை எட்டு வடிவத்தில் அடுக்கினால் ஓர் இலக்கம் ஆயிற்று. எவ்வளவு பெரிசாக வேண்டுமோ அவ்வளவு பெரிசாகச் செய்துகொள்ளலாம். ஒரு பேக்கரிக்குச் செய்தேன், ஒரு கபடிக் குழுவுக்குச் செய்தேன். அப்புறம்தான் டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமிலிருந்து டோக்கன் போர்டு கேட்டு ஆள் வந்தது.

இங்கே கொஞ்சம் சர்க்யூட் பேச வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

போர்டுக்கு மூளையான கன்ட்ரோலரின் கால்களுக்கு ஐந்து வோல்ட்தான் தெரியும். ஸ்ட்ரிப்புக்கோ பன்னிரண்டு வோல்ட் வேண்டும், கரன்ட்டும் அதிகம். ஆகவே நடுவில் பளு தாங்கும் டிரைவர் சர்க்யூட் வேண்டும். இலக்கங்களை எரியவிட இரண்டு வழி உண்டு. ஒன்று, கன்ட்ரோலரே முதல் இலக்கத்தைக் கண நேரம் எரியவிட்டு அணைத்து, அடுத்த இலக்கத்துக்குத் தாவி, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருப்பது. வேகத்தில் கண் ஏமாந்து, எல்லாம் ஒன்றாக எரிவதாக நினைத்துக்கொள்ளும். செலவு குறைவு, வெளிச்சமும் குறைவு. இன்னொரு வழி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சில்லை, அதாவது ஐ.சி.யை, வைத்து, கன்ட்ரோலர் ஒரு தடவை எண்ணைச் சொல்லிவிட்டால் சில்லே அதைப் பிடித்து வைத்துக்கொள்வது. அடுத்த உத்தரவு வரும் வரை சில்லு அதை விடாது. எல்லாத் துண்டும் முழு நேரமும் எரிவதால் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும்.

முதலில் நான் முதல் வழியில்தான் செய்து மாட்டினேன். நர்சிங் ஹோம் ஹாலில் கிழக்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். காலை வெயிலில் எண் வெளுத்துப் போயிற்று. போதாக்குறைக்கு யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதில் எண் விட்டு விட்டுத் தெரிந்திருக்கிறது. போர்டு ரிப்பேர் என்று டாக்டர் வீட்டில் சிரித்தார்களாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி வந்து இரண்டாவது வழிக்கு மாற்றினேன். மாட்டிவிட்டு ரோட்டைக் கடந்து எதிர் மருந்துக் கடை வாசலில் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் எண் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு என் நெஞ்சு விம்மிய விம்மலை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூலையில் புள்ளி வைத்திருந்தேன். வைத்தியநாதனிடம் வேலை பார்த்தவன் வைக்காமல் இருப்பானா? ஆனால் இரண்டாவது வாரமே ரிசப்ஷனில் இருக்கும் சுமதி போன் செய்தாள். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் புள்ளி எரிவதைப் பார்த்துவிட்டு, நம்ம டோக்கன் முடிந்துவிட்டதா, பாதியில் இருக்கிறதா என்று நோயாளிகள் கேட்கிறார்களாம். டாக்டருக்கும் அறையிலிருந்து நிமிர்ந்தால் அது மினுக்குவது கண்ணை உறுத்துகிறதாம். எடுத்துவிட முடியுமா என்றாள். ஒப்புக்கு ஒரு தடவை வேண்டாம் என்றேன். அப்புறம் போய் எடுத்துவிட்டேன். புரோகிராமில் இரண்டு வரி. இரண்டே வரியை அழித்தேன். ஆலையில் நான் அப்படிச் செய்திருந்தால் வைத்தியநாதன் என்னைப் 'பிரபு' என்றே கூப்பிட்டிருப்பார்.

இன்னொரு பிழையும் செய்தேன். சுமதி மேசையில் உள்ள பொத்தானுக்குப் போகும் ஒயரைத் தனிக் குழாயில் கொண்டுபோக வேண்டும். சுவரை உடைக்கச் சோம்பல்பட்டு, ஏ.சி. மெஷினுக்குப் போகும் குழாய்க்குள்ளேயே அதையும் நுழைத்துவிட்டேன். ஏ.சி. ஒவ்வொரு முறை உதறிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும்போதும் அந்த ஒயர் வழியாகக் கன்ட்ரோலருக்கு ஓர் அடி விழும். ஒரு வருஷம் தாங்கியது. கார்த்திகையில் ஒரு நாள் தாங்கவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்குச் சுமதி போன் செய்தாள். பொத்தானை அமுக்கினால் எண் மாறவில்லை, முப்பத்தெட்டிலேயே நிற்கிறது என்றாள். அணைத்துவிட்டுப் போடும்படி சொன்னேன். சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, ஹால் நிறைய ஆள் இருக்கும்போது பீரோவை நகர்த்த முடியாது என்றாள். "பரவால்ல சார், எரிஞ்சுகிட்டுதான் இருக்கு. நான் வாயால கூப்பிட்டுக்கிறேன். மெதுவா வாங்க" என்றாள்.

நானும் மெதுவாகத்தான் போனேன். மேசையில் கபடி போர்டு ஒன்று பாதியில் கிடந்தது, அதை முடித்தேன். குளித்தேன், சாப்பிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் விடட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் கண்ணும் அசந்தேன். டோக்கன் போர்டுதானே, இதில் என்ன அவசரம் என்ற நினைப்புத்தான். ஸ்கூட்டரை நர்சிங் ஹோம் வாசலில் நிறுத்தியபோது மணி இரண்டு தாண்டிவிட்டது.

ஹாலில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். முப்பத்தெட்டு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில், முதுகை நிமிர்த்தி, மடியில் பையை வைத்துக்கொண்டு, போர்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். ஆலையில் ஷிப்டு ஷிப்டாகப் பார்த்தது.

முன்னால் போய் நின்றேன். வேதவல்லி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கலியாவா? நல்லா இருக்கியாடா?" என்றார். அந்தச் சத்தத்தில் ஹாலே திரும்பியது. எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள் என்று கையால் கேட்டேன்.

"ஒம்போதரைக்கே வந்துட்டேன். லேசா நெஞ்செரிச்சல், கேஸு. டோக்கன் நாப்பத்தி மூணு. இன்னும் அஞ்சு பேருதான், இந்தா வந்துடும்."

கார்த்திகை மழையில், ஏ.சி. ஓடும் ஹாலில், அவர் ரவிக்கை தோளிலிருந்து முழங்கை வரை நனைந்திருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. இடது கை மடியில் கிடந்தது. வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சுமதியிடம் திரும்பி, இப்போது எந்த டோக்கன் ஓடுகிறது என்று கேட்டேன்.

"எழுபத்தி ஒண்ணு சார்" என்றாள். நான் அக்கா பக்கம் கையைக் காட்டி நாற்பத்தி மூன்று என்றேன். அவள் முகம் மாறிப்போயிற்று. "நாப்பத்தி மூணை நான் மூணு தடவை கூப்பிட்டேன் சார். யாரும் எந்திரிக்கல. ஆளு போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

நான் செய்த போர்டு சொன்ன எண்ணை நம்பி, காது கேட்காத ஒரு பெண் நாலரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இருபத்தேழு பேர் அவரைத் தாண்டி உள்ளே போய், மருந்துச் சீட்டோடு வெளியே வந்து, வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். நான் வாய்விட்டு ஏதோ கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று சுமதிக்கும் நினைவில்லை. டாக்டர் அறைக்குள் இருந்தவரை வெளியே வரச் சொல்லிவிட்டு அக்காவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனோம். இ.சி.ஜி. காகிதம் மெஷினிலிருந்து வரவர டாக்டர் அதை விரலால் தொடர்ந்து படித்தார். அப்புறம் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். காலையிலேயே மாரடைப்பு ஆரம்பித்திருக்கிறது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஹால் வழியாகத் தள்ளிக்கொண்டு போனபோது அக்காவுக்கு போர்டு தெரியவில்லை. நாங்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டிருந்தோம். என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நம்பரு வந்துடுச்சாடா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். பீரோவை நகர்த்தாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டின் பின் மூடியைத் திறந்தேன். கன்ட்ரோலருக்கு வரும் கரன்ட்டைப் பிடுங்கினேன். அதிலிருந்து சில்லுகளுக்குப் போகும் ஒயர்களைப் பிடுங்கினேன். கன்ட்ரோலரையே கழற்றி எடுத்து, இறங்கி, சுமதியின் மேசை மேல் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது. மூளையைக் கழற்றி மேசையில் வைத்தாகிவிட்டது. எண்ணோ அப்படியே, முதல் நாள் எரிந்த அதே வெளிச்சத்தோடு, எதிர் மருந்துக் கடைக்குத் தெரிகிற மாதிரி எரிகிறது. சுமதி, "சார், அதை அணைங்க சார்" என்று அழ ஆரம்பித்தாள். பீரோவை நகர்த்தித்தான் அணைத்தேன்.

நான் முதலில் செய்த மங்கல் போர்டு, வீடியோவில் விட்டு விட்டுத் தெரிந்து எனக்கு ரோஷம் வரவைத்தது, அது இப்படிச் செய்திருக்காது. கன்ட்ரோலர் நின்ற கணத்தில் அதில் ஓர் இலக்கம் மட்டும் எரிந்து மற்றது அணைந்திருக்கும். போர்டு கெட்டுவிட்டது என்று கைக்குழந்தைக்கும் தெரிந்திருக்கும். வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு, செத்த பிறகும் நன்றாக இருப்பதாகக் காட்டுகிற ஒன்றை நான் செய்து மாட்டியிருக்கிறேன்.

குழுவில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிடித்து வைக்கும் சில்லைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் சில நொடிகளுக்குள் கன்ட்ரோலரிடமிருந்து புது உத்தரவு வராவிட்டால் போர்டு தானாக முழுக்க அணைந்துவிடும்படி ஒரு சின்ன டைமரைத் தனியாக வையுங்கள். கன்ட்ரோலருக்குள்ளேயே, அது மயங்கினால் தட்டி எழுப்புகிற வாட்ச்டாக் என்று ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுவையுங்கள். நான் போடவில்லை. பொத்தான் ஒயருக்குத் தனிக் குழாய் வேண்டும். மூலையில் புள்ளி வேண்டும். யார் கண்ணை உறுத்தினாலும் சரி, எடுக்க முடியாது என்று சொல்லுங்கள். எண் மாறவில்லை என்று போன் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது, அது திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். காலை பதினோரு மணிக்கே பார்த்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாமாம். இனி பஸ் படி ஏறக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, நாலு வீடு தள்ளிப் போக வேண்டுமானாலும் நின்று நின்றுதான் போக வேண்டும். திருப்பூரிலிருந்து ஓடி வந்த மகன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நீங்கள் வராவிட்டால் அம்மா அங்கேயே முடிந்திருப்பாள், தெய்வமாக வந்தீர்கள் என்றான். மறு வாரம் வீடு தேடி வந்து ஆப்பிளும் ஸ்வீட் பாக்ஸும் வைத்துவிட்டுப் போனான். நான் வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. டோக்கன் போர்டு கெட்டுப் போயிருந்தது என்று மட்டும் அவனுக்குத் தெரியும்; அது யார் செய்தது என்று தெரியாது. அந்த ஆப்பிள் மேசையிலேயே அழுகியது.

கடைசியில் வைத்தியநாதனுக்குப் போன் செய்தேன். கும்பகோணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் காது மந்தம்தான். மகள் கேட்டுக் கேட்டு அவருக்குச் சொன்னாள். புள்ளியை எடுத்ததைச் சொன்னேன், ஏ.சி. குழாயைச் சொன்னேன், சாப்பிட்டுவிட்டுப் போனதையும் சொன்னேன். 'ஐயா பெரிய இன்ஜினியருங்க' என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அதற்கு ஏங்கினேன் என்றே சொல்லலாம். அப்புறம் போனை மகளிடமிருந்து வாங்கி அவரே பேசினார்.

"நீ போயி அந்தப் புள்ள வேதவல்லிகிட்ட சொல்லுப்பா. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லு" என்றார். 'ங்க' போடவில்லை.

மறுநாள் காலையில் அம்பகரத்தூர் போனேன். மருமகள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார், குரல் மட்டும் குறையவில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். உதட்டைப் பார்த்து அவர் பாதியைப் புரிந்துகொள்வதும் பாதிக்குச் சும்மா தலையாட்டுவதும் இந்த விஷயத்தில் கூடாது என்று வீட்டிலேயே பெரிய பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்த போர்டைச் செய்தது நான். அது காலையிலேயே நின்றுவிட்டது. நின்றது வெளியே தெரியாதபடி செய்தது என் தப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முதல் வரிக்குச் சிரித்தார்.

"நீதான் செஞ்சன்னு அந்த நர்சிங் ஹோம் கம்பவுண்டர் அன்னைக்கே சொன்னான்டா. மூலையில புள்ளியைக் காணோமேன்னு பார்த்தேன். கலியன் செஞ்சதாச்சே, இப்ப வர்ற புது மாடலுக்குப் புள்ளி வேணாம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு அப்புறம் வந்தவங்க உள்ள போறதையும் பார்த்தேன். அவங்களுக்கு அவசரமா இருக்கும், டோக்கன் இல்லாம போறாங்கன்னு இருந்துட்டேன்."

பேசி முடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தார்.

"அப்ப, எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாலும் என் நம்பரு வந்திருக்காதா?"

வந்திருக்காது என்று தலையை ஆட்டினேன். அவருக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் எட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"போவட்டும் விடுடா. நீ வந்தியே" என்றார்.

நான் நோட்டை இழுத்துப் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரிகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"உங்களுக்காக வரலக்கா. போர்டைப் பாக்கத்தான் வந்தேன்."